மழைக் கணக்கு சரி, ஆற்றுக் கணக்கு எங்கே?

மலேசியாவின் கெடா மாநிலத்து மூடா ஆற்றுப் படுகையில் வறட்சி இருக்கிறதா இல்லையா என்று எடைபோட்டுச் சொல்லும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு, கோலா கெட்டிலிலிருந்து ஓய்வுபெற்ற ரப்பர் தோட்டக் கிராணி (ஆபீஸ் எழுத்தர்) ஒருவன் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

போன மார்ச் மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் நடந்த விளக்கக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். மூன்றாவது வரிசை, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பழைய பச்சை அட்டைப் புத்தகம். உங்களுக்கு ஞாபகம் இருக்க நியாயமில்லை. வெளியே தண்ணீர் லோரி நின்றுகொண்டிருந்தது. வாளியும் குடமுமாக வரிசை கோயில் மதில்வரை போயிருந்தது. உள்ளே ஏர்கோன் குளிர். உங்களில் ஒருவர், நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் பேசினார், திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டி, மழைக் குறியீட்டின்படி எங்கள் பகுதி இயல்பு நிலைக்கு அருகில் இருக்கிறது, இதை வறட்சி என்று சொல்ல முடியாது என்றார். பின்வரிசையில் ஒரு பாட்டி, "அப்ப வெளியில நிக்கிறது என்ன, கல்யாண லோரியா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. யாரோ அதை மலாயில் சொல்ல, நீங்களும் சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் காட்டிய எண் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். பாட்டி கேட்டதும் தப்பில்லை. இரண்டுமே சரியென்றால் நடுவில் எதையோ கணக்கில் விட்டிருக்கிறோம். அது என்ன என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் படிவம்தான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் மழையை அளந்தவன்.

1979-இல் பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னக் கிராணியாகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலையே மழைமானிதான். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, பால்மரம் வெட்டுகிறவர்கள் தங்கள் நிரைக்குப் போன பிறகு, ஆபீசுக்குப் பின்னால் புல்தரையில் நடப்பட்டிருந்த அந்தச் செம்புப் புனலைத் தூக்கி, உள்ளே சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடி அளவையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படித்து, புத்தகத்தில் எழுத வேண்டும். மழை இல்லாத நாளில் ஒரு கோடு. வேலை சின்னது. ஆனால் பெரிய கிராணி அந்தப் புத்தகத்தை செக்ரோலுக்கு, அதாவது சம்பளப் பதிவேட்டுக்கு, அடுத்தபடியாகத்தான் மதித்தார். காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு பிடித்தால், மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) இருக்கிற பால் தண்ணீரோடு வழிந்து போகும். இரண்டிலும் கூலி அடிபடும். எங்கள் ஊரில் மழை என்பது வானிலை மட்டும் இல்லை, சம்பளக் கணக்கும்தான். அதனால் யாரும் பொய் எழுதவில்லை. எழுதினால் மறுநாளே யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

உங்கள் மழை நிலையங்களின் பட்டியலில் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை என்று ஒருமுறை பாருங்கள். தோட்டத்துக் கிராணிகள் எழுதிய எண்கள்தான் இந்த நாட்டு மழைப் பதிவில் ஒரு பெரும் பங்கு. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சரி, உங்கள் குறியீட்டுக்கு வருகிறேன். எஸ்.பி.ஐ. என்கிற அந்தத் தரப்படுத்திய மழைக் குறியீட்டை 1993-இல் அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் என்ற மூவர் கொண்டுவந்தார்கள். 2009-இல் உலக வானிலை அமைப்பு கூட்டிய நிபுணர்கள், எல்லா நாடுகளும் மழை வறட்சியை அளக்க இதையே பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தார்கள். கணக்கு கடினமில்லை. குறைந்தது 30 வருட மார்ச் மாத மழையை எடுத்து, அதற்குப் பொருந்துகிற ஒரு வளைவைப் போட்டு, இந்த வருட மார்ச் அதில் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்ப்பது. பூஜ்யம் என்றால் நட்டநடு. −1 வந்தால் மிதமான வறட்சி, −1.5 கடுமையானது, −2 அல்லது அதற்குக் கீழே மிகக் கடுமையானது. −1-க்குக் கீழே போவது சுமார் ஆறு வருடத்துக்கு ஒருமுறை நடக்கக்கூடியது. −2 சுமார் நாற்பத்துநான்கு வருடத்துக்கு ஒருமுறை.

இதை எங்கள் ஆட்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது ஏற்கனவே தெரிந்த கணக்கு. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலை உதிரும். மரம் மொட்டையாக நிற்கும்போது பால் பாதியாகக் குறையும். அப்போது ஆபீசில் யாரும் ஒரு வெட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அக்டோபரில் அவ்வளவு கொண்டுவந்தாயே, இப்போது ஏன் இவ்வளவு?" என்று கேட்கமாட்டார்கள். போன வருட பிப்ரவரி, அதற்கு முந்தின பிப்ரவரி, அவற்றோடுதான் ஒப்பிடுவார்கள். இலையுதிர் காலத்துப் பாலை இலையுதிர் காலத்துப் பாலோடு ஒப்பிடுவது நியாயம். எஸ்.பி.ஐ. செய்வது அதையேதான்.

ஆனால் வீட்டு அடுப்புக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. பிப்ரவரியிலும் அதே அரிசிதான் வேக வேண்டும். 'பிப்ரவரிக்கு இது வழக்கமான சம்பளம்தான்' என்று குழந்தைகளிடம் சொல்லிச் சமாளிக்க முடியாது. மண்டபத்தில் நடந்தது அதுதான். கெடாவில் ஜனவரியிலிருந்து மார்ச்வரை இயல்பாகவே காய்கிற காலம். வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் கிளந்தானையும் திரங்கானுவையும் நனைத்துவிட்டு, மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் வெறுங்கையோடு வரும். வழக்கமாகவே கொஞ்சம்தான் பெய்கிற மாதத்தில் வழக்கம்போலக் கொஞ்சம் பெய்தால் குறியீடு 'இயல்பு' என்று காட்டும். அது பொய்யில்லை. ஆனால் தண்ணீர் எடுக்கும் பம்புக்கு மற்ற பிப்ரவரிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதன் வாய் மூழ்கும் அளவுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அன்றைக்கு நான் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இந்த எண் எத்தனை மாதக் கணக்கு? அந்தத் தம்பி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சத்து பூலான், பாக்சிக்" என்றார். ஒரு மாதம். நான் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே பேசியிருக்கலாம். ஆனால் லோரி வரிசையில் என் வீட்டு வாளியும் இருந்தது.

எஸ்.பி.ஐ.யை ஒரு மாதத்துக்கும் போடலாம், மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதத்துக்கும் போடலாம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குத்தான் சொல்கிறேன். ஒரு கற்பனைக் கணக்கு. அக்டோபரில் வழக்கத்தைவிட 80 மில்லிமீட்டர் குறைவு. நவம்பரில் 60, டிசம்பரில் 40, ஜனவரியில் 15, பிப்ரவரியில் 5 குறைவு. தனித்தனியாகப் பார்த்தால் எந்த மாதமும் ஊரைக் கூட்டுகிற அளவுக்கு மோசமில்லை. போகப் போகக் குறைவும் சின்னதாகிக்கொண்டே வருகிறது, நிலைமை தேறுகிற மாதிரிகூடத் தெரியும். மார்ச்சில் ஒருநாள் சாயங்காலம் இடி இடித்து ஒரு கொட்டு கொட்டியது என்றால் மார்ச் கணக்கு இயல்புக்கு வந்துவிடும். ஆனால் ஐந்து மாதத்தையும் கூட்டிப் பாருங்கள், 200 மில்லிமீட்டர் கடன். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 200 மில்லிமீட்டர் என்றால் 20 கோடி லிட்டர். மூடா படுகை ஏறக்குறைய 4,200 சதுர கிலோமீட்டர். பெருக்கலை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அந்தக் கடனை வாங்கியது யார்? மண்தான். எங்கள் பக்கம் காய்கிற மாதங்களில் ஆற்றில் ஓடுவது அன்றைக்குப் பெய்த மழை இல்லை. செப்டம்பர், அக்டோபரில் பெய்து, மலையிலும் தோட்டத்து மண்ணிலும் இறங்கித் தங்கி, மெல்லக் கசிந்து வருகிற பழைய தண்ணீர். அந்தச் சேமிப்பு குறைவாக இருக்கும்போது மார்ச்சில் ஒரு மழை பெய்தால், காய்ந்த மண் முதலில் தன் வயிற்றைத்தான் பார்த்துக்கொள்ளும். மிச்சம் இருந்தால் ஆற்றுக்கு. மழைமானி நிறையும், வரைபடத்தில் பச்சை ஏறும், ஆறு அப்படியே கிடக்கும். வானத்து வறட்சி மண்ணுக்கு வந்து, அங்கிருந்து ஆற்றுக்கு இறங்கச் சில வாரமோ சில மாதமோ ஆகும். மேலே முடிந்த பிறகும் கீழே முடியாது. மழை வறட்சி, விவசாய வறட்சி, ஆற்று வறட்சி என்று உங்கள் பாடப் புத்தகங்களே தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பது இதனால்தானே?

1998 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஏப்ரலில்தான் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவானது. நாட்டில் அதுவரை அப்படி ஒரு வெயில் எழுதப்பட்டதில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. கரகம் பாலிக்க மேளத்தோடு ஆற்றங்கரைக்குப் போனோம். கரை இருந்தது, மணல் இருந்தது, ஆறு எதிர்க்கரை ஓரமாக ஒரு வேட்டி அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. பூசாரி மணலில் நடந்துபோய், கையால் குழி பறித்து, ஊற்று ஊறும்வரை காத்திருந்து சொம்பில் மொண்டார். மேளக்காரர் அதுவரை வாசித்துக்கொண்டே இருந்தார், பாவம். மறுநாள் ஆபீசில் மழைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். அந்த மாதத்தில் மழையே இல்லாமல் இல்லை. சில நாள்களில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மழையும் ஆறும் ஒரே பேச்சைப் பேசுவதில்லை என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

ஆற்றுக்கும் இதே மாதிரி ஒரு குறியீடு இருக்கிறது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். பொறியியல் படித்த என் பேத்தி சொல்லித்தான் தெரியும். மழைக்குச் செய்ததையே ஆற்றோட்டத்துக்குச் செய்கிறார்கள். 2009-இல் நல்பான்டிஸ், சாகிரிஸ் என்ற இருவர் ஆற்றோட்ட வறட்சிக் குறியீடு என்று ஒன்றை எளிமையாகக் கொடுத்தார்கள். தரப்படுத்திய ஆற்றோட்டக் குறியீடு என்று இன்னொன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மழைக்குப் பொருந்துகிற வளைவு ஆற்றுக்கு எப்போதும் பொருந்தாது, மாதத்துக்கு மாதம் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேத்தி எச்சரித்தாள். இருக்கட்டும், அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள். நான் கேட்பது இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்றுதான். மழைக் குறியீடு ஏறியும் ஆற்றுக் குறியீடு ஏறவில்லையென்றால் வறட்சி முடியவில்லை, மண் இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறது. மழைக் குறியீடு ஆறு மாதக் கணக்கில் இறங்க ஆரம்பித்து, ஆறு இன்னும் இறங்கவில்லையென்றால் இன்னும் சில வாரம் கையில் இருக்கிறது, இப்போதே எங்களைத் தொட்டியில் பிடித்து வைக்கச் சொல்லலாம். எத்தனை மாத மழைக் கணக்கு எங்கள் ஆற்றோடு அதிகம் ஒத்துப்போகிறது என்று பழைய பதிவுகளை வைத்து ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், பிறகு அந்த மாதக் கணக்கைத்தான் மண்டபத்தில் காட்ட வேண்டும். மூன்றா, ஆறா, ஒன்பதா என்று ஆறே சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. ஆற்றுக் குறியீடும் தரப்படுத்தியதுதான், அதுவும் பிப்ரவரியைப் பிப்ரவரியோடுதான் ஒப்பிடும். ஆகவே அடுப்புக் கதை அதற்கும் பொருந்தும். அதனால் குறியீட்டோடு நிற்காமல், வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று பச்சையாக ஓர் எண்ணும் வேண்டும். வருடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாள் எந்த அளவுக்குக் குறையாமல் ஆறு ஓடுகிறதோ, அந்த ஓட்டத்தை எல்லைக்கோடாக வைத்து, அதற்குக் கீழே போய் எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணுகிற முறை பழையது, எளிமையானது. 'ஆறு எல்லைக்கோட்டுக்குக் கீழே போய் இன்றோடு பதினொரு நாள்' என்று நீங்கள் அறிவித்தால் அந்தப் பாட்டிக்கும் புரியும்.

அப்புறம், 'மூடா படுகை' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது. படுகைக்கு ஒரே ஓர் எண் போடுவதில் எனக்கு மனமில்லை. மேலே சீக் பக்கம் மூடா அணை இருக்கிறது. அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு பெரிது, வயிறு சிறிது, சுமார் 160 மில்லியன் கன மீட்டர்தான் கொள்ளும். பெடு அணைக்கு நேர்மாறு. நீர்ப்பிடிப்பு சிறிது, வயிறு ஆயிரம் மில்லியன் கன மீட்டருக்கும் மேல். அதனால் மூடா அணையில் சேர்வதை மலைக்குள் சுமார் 6.8 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகப் பெடுவுக்கு அனுப்பி, வடக்கே நெல் வயல்களுக்கு விடுகிறார்கள். நல்ல திட்டம், அதில்தான் நாடு சோறு தின்கிறது. ஆனால் எங்கள் படுகையில் பெய்த மழையில் ஒரு பங்கு வேறு பக்கம் போய்விடுகிறது என்பதை மழைமானி எப்படிச் சொல்லும்? அதே மேல்பக்கத்தில் 2004-இல் முடிந்த பெரிஸ் அணை இருக்கிறது. ஆறு இளைக்கும்போது அங்கிருந்து திறந்து விடுகிறார்கள். ஆகவே கீழே சையட் ஒமார் பாலத்தில் அளக்கிற ஓட்டத்தில் மழைத் தண்ணீர் எவ்வளவு, திறந்துவிட்ட தண்ணீர் எவ்வளவு, வழியில் உறிஞ்சியது எவ்வளவு என்று பிரிக்காமல், 'ஆறு நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொன்னால், அது வட்டிக்கு வாங்கிச் செலவு செய்கிறவனைப் பார்த்து வசதியானவன் என்று சொல்வது போல.

அந்த அணைத் தண்ணீர் மூடா ஆற்றின் பெருவழியாகத்தான் வரும். கெட்டில் ஆற்றுக்கு அது வராது. கெட்டில் பாலிங் மலைப்பக்கம் பிறந்து, எங்கள் ஊர்ப் பக்கம் வந்து மூடாவில் சேர்கிறது. மலாயில் கோலா என்றால் ஆறு போய்ச் சேரும் வாய். கோலா கெட்டில் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. பெருவழியில் பெரிஸ் புண்ணியத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது, கிளையாறு காய்ந்து கிடக்கலாம். படுகைச் சராசரி இரண்டையும் கலந்து 'பரவாயில்லை' என்று சொல்லும். கெட்டிலுக்குத் தனி எண் வேண்டும். இதில் எங்கள் நலம் மட்டும் இல்லை. பினாங்கு தன் குழாய்த் தண்ணீரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் இந்த மூடா ஆற்றிலிருந்துதான் எடுக்கிறது. நாங்கள் விக்கினால் அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனில் புரையேறும்.

வெயிலையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எஸ்.பி.ஐ.க்கு மழை மட்டும்தான் தெரியும், வெப்பம் தெரியாது. 2016 ஏப்ரலில் வெயில் தாங்காமல் பெர்லிசிலும் கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளை மூடினார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் பெய்ததில் பெரும் பங்கு ஆவியாகப் போகும். ஆவியாவதையும் கழித்துப் பார்க்கிற எஸ்.பி.இ.ஐ. என்ற குறியீடு 2010-இல் வந்திருக்கிறது. முடிந்தால் அதையும் போடுங்கள். முடியாவிட்டால் ஆற்றைப் பாருங்கள். ஆவியானது போக மிச்சம்தானே ஆற்றில் ஓடுகிறது.

ஆற்றுப் பதிவு மட்டும் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. ஆற்றோட்டத்தை யாரும் தினமும் நேரே அளப்பதில்லை. மட்டத்தை அளக்கிறார்கள். 'இந்த மட்டம் என்றால் இவ்வளவு ஓட்டம்' என்று ஓர் அட்டவணை வைத்துத்தான் அதை ஓட்டமாக மாற்றுகிறார்கள். மூடாவில் மணல் அள்ளுவது ஊரறிந்த விஷயம். ஆற்றின் அடி இறங்கிவிட்டால் பழைய அட்டவணை பொய் சொல்லும். அதுவும் தண்ணீர் குறைவாக இருக்கும்போதுதான் அதிகமாகச் சொல்லும். வெள்ளத்தில் ஒரு சாண் பிழை பெரிதில்லை. முழங்கால் தண்ணீரில் ஒரு சாண் பிழை பாதி ஆறு. ஆகவே காய்கிற மாதங்களில் ஆட்களை ஆற்றில் இறக்கி ஓட்டத்தை நேரே அளந்து அட்டவணையைத் திருத்துங்கள். வெள்ளத்துக்கு ஓடிவருகிற மாதிரி வறட்சிக்கும் ஒரு நடை வாருங்கள். வறட்சி படம் பிடிக்க ஏற்றதில்லை என்பது எனக்கும் தெரியும்.

மழைப் பதிவிலும் குறைகள் உண்டு, அதில் என் பங்கும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. சனிக்கிழமை காலைக்குப் பிறகு பெய்தது எல்லாம் திங்கட்கிழமை காலையில் ஒரே எண்ணாக விழும். என் புத்தகத்தைப் பார்த்தால் கடவுள் திங்கட்கிழமையில்தான் அதிகம் மழை பெய்விக்கிறார் என்று தோன்றும். மாதக் கணக்குக்கு இது பெரிய பாதகமில்லை, மாதக் கடைசி ஞாயிறாக வந்தால் தவிர. தினக் கணக்குப் போடுகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். பழைய பக்கங்கள் அங்குலத்தில் இருக்கின்றன, பிறகு மில்லிமீட்டர். மாறின வருடத்தில் சில பக்கங்களில் எது எது என்று எழுதாமல் விட்டிருக்கிறோம். ஆனால் கண்டுபிடித்துவிடலாம், 25.4 மடங்கு வித்தியாசம் ஒளிந்துகொள்ளாது. ஒரு தடவை மழைமானியின் பக்கத்தில் இருந்த கொன்றை மரம் வளர்ந்து கிளை பரப்பி மழையை மறைத்தது. இரண்டு வருடம் யாரும் கவனிக்கவில்லை. புதிய துரை வந்துதான் இடம் மாற்றச் சொன்னார். வருடா வருடம் கூட்டிக்கொண்டே வந்த பக்கத்துத் தோட்டங்களின் தொகைக்கு எதிராக எங்கள் தொகையை வைத்துக் கோடு வரைந்தால், அந்த இடத்தில் கோடு ஒடியும். உங்கள் ஆட்கள் அதைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் இப்போது இல்லை. சில செம்பனைக்கு மாறின, சில துண்டு துண்டாக விற்கப்பட்டன, சிலவற்றில் வீடமைப்புத் திட்டம் எழும்பிவிட்டது. ஆபீஸ் மூடினால் மழைமானியைப் படிக்க ஆள் இல்லை. தானியங்கி மானிகள் வைத்திருக்கிறீர்கள், நல்லது, அவை ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யும். ஆனால் அவற்றுக்கு வயது போதாது. முப்பது வருடப் பழைய கணக்கு இல்லாமல் எஸ்.பி.ஐ. போட முடியாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தப் பழைய கணக்கு எங்கே இருக்கிறது? உங்களுக்கு மாதாமாதம் அனுப்பிய பிரதி பாதி. அனுப்பாமல் விட்டுப்போன மாதங்கள், அனுப்பவே சொல்லப்படாத தோட்டங்கள், இவை எல்லாம் தோட்டத்து ஆபீஸ் அலமாரிகளில் இருந்தன.

மலைப்பக்கம் மானிகள் போதாது என்பதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. 2022 ஜூலை 4-இல் பாலிங் பக்கம் கூப்பாங்கில் வந்த திடீர் வெள்ளம் உங்களுக்குத் தெரியும். குனோங் இனாஸ் மலைமேல் கொட்டியது கீழே மரமும் பாறையுமாக இறங்கி வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. வெள்ளத்துக்குக் கண் இல்லாத இடத்தில் வறட்சிக்கும் கண் இல்லை. அந்த மலைத் தண்ணீரும் கெட்டிலுக்குத்தான் வருகிறது.

நான் வேலை பார்த்த தோட்டத்தின் ஆபீசைக் காலி செய்தபோது, மழைப் புத்தகங்களைச் செக்ரோல்களோடு சேர்த்துக் குப்பை லோரியில் ஏற்றினார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, காலி செய்கிறவனுக்கு அது காகிதம். நான் லோரிக்காரரிடம் இரண்டு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்து இறக்கி எடுத்தேன். அன்றைக்கு மடியில் வைத்திருந்த பச்சைப் புத்தகம் அதில் ஒன்று.

ஆக, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் திரையில் மழை வரைபடம் ஒன்று மட்டும் வேண்டாம். அது எத்தனை மாதக் கணக்கு என்று மேலே பெரிதாக எழுதுங்கள். பக்கத்தில் கெட்டில் ஆற்றின் எண்ணைப் போடுங்கள். ஆறு எழாதவரைக்கும் வறட்சி முடிந்தது என்று அறிவிக்காதீர்கள். கூட்டத்தைப் பாட்டி வாளியோடு நிற்கிற மார்ச்சில் வைக்காமல், நவம்பர் கடைசியில், பழைய தண்ணீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிகிற நேரத்தில் வையுங்கள். சுற்றுவட்டாரத்தில் இன்னும் எந்தெந்த அலமாரியில் புத்தகங்கள் இருக்கின்றன என்று எனக்கு ஓரளவு தெரியும். பழைய கிராணிகள் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறோம், ஒருவருக்கு மட்டும் கண் தெரியவில்லை.

புத்தகங்கள் என் வீட்டு முன்னறையில் தகர அலமாரியில் இருக்கின்றன. ஒரு புத்தகத்தில் சில மாதப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. மற்றவை நன்றாகவே இருக்கின்றன. கொடுத்தனுப்பமாட்டேன். ஆனால் படம் பிடித்துக்கொள்ள யாரையாவது அனுப்பினால் மேசையும் விளக்கும் தருகிறேன், சாப்பாடும் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், கோயிலுக்குப் போய்விடுவேன். எனக்கு முன்னால் இருந்த பெரிய கிராணியின் கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒரே மாதிரி இருக்கும். அதைப் படிக்க நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
கோலா கெட்டில், கெடா.